ஒரு சோறு போதாது

மருந்தகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு முதலில் பழுதாவது குதிகால்தான். நாள் முழுக்க நின்றபடியே இருக்க வேண்டும். அதனால் உட்காரச் சொன்னதற்கு நன்றி. தண்ணீர் வேண்டாம். நீங்கள் கேட்கிற வரிசையில் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாத்திரை எடுத்துக் கொடுப்பதோடு எனக்கு மருத்துவமனையில் இன்னொரு பொறுப்பும் உண்டு. மருந்து ஒத்துக்கொள்ளாமல் யாருக்காவது தடிப்போ, மூச்சுத்திணறலோ, அதைவிடப் பெரிதாக ஏதாவதோ வந்தால் விவரம் கேட்டு, மருந்துகளைக் கண்காணிக்கும் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். வார்டு வார்டாகப் போய்க் கேட்பேன். கல்யாண வீட்டில் ஒப்பாரி வைக்க வந்தவனைப் பார்ப்பதுபோல டாக்டர்கள் என்னைப் பார்ப்பார்கள். அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

எனக்கு ஒரே தங்கை. அவளுக்கு முழங்கால் வலி. அப்போதுதான் புதிதாக ஒரு வலி மாத்திரை வந்திருந்தது. வயிற்றைப் புண்ணாக்காது என்று பெயர். அதைச் சாப்பிட்டாள். கொடுத்தது நான். கொஞ்ச நாளில் போன் செய்தாள்.

"அண்ணா, கண்ணெல்லாம் எரியுது. உடம்பு பூரா சிவப்பு சிவப்பா இருக்கு. மாத்திரைய நிறுத்திடட்டுமா?"

உடம்புச் சூடாக இருக்கும், தண்ணீர் நிறையக் குடி, பாதியில் நிறுத்தாதே என்றேன். என் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். கடைசியில் அவளைத் தூக்கி வண்டியில் ஏற்றியபோது, பிடித்த இடத்துத் தோல் என் உள்ளங்கையோடு வந்துவிட்டது. அந்த வாரமே போய்விட்டாள்.

முறைப்படி அறிக்கை அனுப்பினேன். பதில் இல்லை. போன் செய்தபோது மேலிடத்து அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்.

"ஒரே ஒரு கேஸ வச்சுக்கிட்டு என்ன சார் பண்றது? அவங்க வேற மருந்தும் சாப்பிட்டிருக்காங்க. இன்னும் நாலு வரட்டும், பாக்கலாம்."

நாலு வந்திருக்க வேண்டும். எங்கள் தோல் டாக்டரே இதேபோல இரண்டு பேரைப் பார்த்திருந்தார். ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்டேன்.

"தெரிவிச்சா, இந்த மாத்திரைய யார் எழுதிக் கொடுத்தாங்கன்னு கேப்பாங்கப்பா. என் தலைதான் உருளும். உனக்கென்ன?"

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். மருந்து விஷயத்தில் அது செல்லாது. பானையையே கவிழ்த்துக் காட்டினால்தான் நம்புவார்கள். பார்த்தவர்களோ வாயில் கொழுக்கட்டையோடு இருந்தார்கள். அப்படியானால் அந்த நாலை யாராவது ஒருவர் சேர்த்துக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

வலிக்காரர்களில் சிலருக்கு இதே குடும்பத்து மருந்து ஏற்கெனவே தடிப்பைக் கொடுத்திருக்கும். அவர்களுக்கு இந்த மாத்திரையைத் தவறியும் கொடுக்கக் கூடாது. யார் யாரென்று எனக்குத் தெரியும். தெரிந்து வைத்திருப்பதுதான் என் வேலை. டாக்டர் எதை எழுதினாலும், ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கையில் நான் எதை வைக்கிறேனோ அதுதான் மருந்து.

முதலில் ஒரு பஸ் ஓட்டுநர். தினமும் அவர் வீட்டுக்குப் போன் செய்து விசாரித்தேன். "இவ்வளவு அக்கறையா யாரு சார் கேக்கறாங்க? நல்லாத்தான் இருக்காரு" என்றார் மனைவி. போனை வைத்த பிறகும் அன்று வெகுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை. அப்புறம் ஒரு நாள் அந்த அம்மாவின் குரலே மாறியிருந்தது.

"அவருக்கு உதடெல்லாம் வெந்த மாதிரி இருக்கு சார். எச்சில் முழுங்க முடியல."

மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னேன். இதைக் கவனியுங்கள். நிறுத்தச் சொன்னேன். வாசலில் நின்று நானே அவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினேன். அவர் பிழைத்துக்கொண்டார். ஒரு கண் மட்டும் போனது. அடுத்து வந்த தையல்காரப் பெண்மணி பிழைக்கவில்லை. அவருக்குச் சர்க்கரை வியாதியும் இருந்தது. அதையும் மறைக்காமல் தெரிவித்தேன். அவர்களுக்குப் பிறகும் ஆட்கள் இருந்தார்கள். பெயர்களைச் சொல்கிறேன், அவசரமில்லை.

டாக்டர்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. மாத்திரை அட்டையைக் காட்டினால், "அவசரத்துல நான்தான் எழுதிட்டேன்போல, வெளிய சொல்லாதப்பா" என்றார்கள். உங்கள் பெயர் வராது, பயப்படாதீர்கள் என்று நான்தான் தேற்றினேன்.

மேலிடம் அசைந்தது. மாத்திரையைத் திரும்பப் பெறும்படி உத்தரவு வந்தது. இனி எத்தனையோ வீடுகளில் யாரும் தோலுரிந்து சாக மாட்டார்கள். தோல் டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "சாதிச்சிட்டப்பா" என்றார். அலமாரியைக் காலி செய்து, மிச்ச அட்டைகளைப் பெட்டியில் போட்டு ஒட்டினேன்.

நீங்கள் கேட்பது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. சரிதான். பெட்டியை ஒட்டிய அன்று மத்தியானம் நூலகத்தில் வேலை பார்க்கும் பெண் வந்தாள். முழங்கால் வலி. பழைய தடிப்புக்காரி. என் தங்கை வயதுதான் இருக்கும். துணிப்பையைத் தோளில் மாட்டுவதும் அவளைப்போலவே. டாக்டர் எழுதியிருந்தது சாதாரண மாத்திரை. அது என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் குனிந்து ஒட்டிய பெட்டியைப் பிரித்தேன்.

எண்ணிக்கை தேவைப்படாத நேரத்தில் ஏன் என்கிறீர்கள். வேலையை முழுதாக முடிக்கும் பழக்கமாக இருக்கலாம். அவள் இன்னும் கண்விழிக்கவில்லை என்று வரும்போது சொன்னார்கள்.

அன்று ஜன்னலில் நின்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "புதுசா இருக்கே அண்ணா, இது நல்ல மாத்திரைதானே?" என்று கேட்டாள்.

"என் தங்கச்சியே இதைத்தான்மா சாப்பிட்டா" என்றேன்.

நான் அவளிடம் பொய் சொல்லவில்லை. அதை மட்டும் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள்.