இருபதில் மூன்று

என் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். பள்ளியில் வரவேற்புப் பலகை எழுத வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நீங்கள் மேசைமேல் பரப்பி வைத்திருக்கும் இந்த அட்டைகளைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியதுகூட அதுதான். இரண்டு வருடமாக எழுதியவை. ஒன்றில்கூட அடித்தல் திருத்தல் இல்லை.

நீங்கள் கேட்டதற்கே வருகிறேன். கேள்வித்தாளை என் தங்கைக்குக் கொடுத்தேனா என்று கேட்டீர்கள். இல்லை. அவள் என் பையிலிருந்து திருடினாளா என்றால் அதுவும் இல்லை. தேர்வு வாரியத்திலிருந்து அவளுக்கு வந்த கடிதத்தை நானும் படித்தேன். முறைகேடு நிரூபணமானால் வாழ்நாள் முழுவதும் இந்தத் தேர்வை எழுத முடியாது என்று போட்டிருந்தது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்று, "காப்பியடிச்சும் ஃபெயிலானவ உலகத்துலயே நான் ஒருத்திதான்க்கா" என்று சிரித்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத் திருடி என்ற பெயர் வரக்கூடாது. அதனால்தான் நீங்கள் மறுபடி கூப்பிடும்முன் நானாக வந்தேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஆங்கிலச் சொல்லறிவுத் தாளுக்குக் கேள்வி எழுதுகிறேன், பத்தொன்பது வருடமாக. ஒரு கடினமான சொல்லும் அதற்கு நான்கு விடைகளும் கொடுக்க வேண்டும். சரியான விடையை யாரும் எழுதிவிடலாம், அகராதியில் இருக்கிறது. தவறான மூன்றில்தான் எங்கள் பிழைப்பு. அதிலும் ஒன்று மற்ற இரண்டைப்போல இருக்கக் கூடாது. அரைகுறையாகத் தெரிந்தவர் கண்ணை மூடிக்கொண்டு போய் விழ வேண்டும். எங்கள் பிரிவில் அதைப் பொறி என்போம். 'எனர்வேட்' என்று ஒரு சொல். தளரச் செய்வது என்று பொருள். காதுக்கு எனர்ஜி போலக் கேட்பதால் ஊக்கமூட்டுவது என்று போட்டால் பாதிப் பேர் விழுவார்கள். 'பல்க்ரிட்யூட்' என்றால் அழகு. அதன் சத்தத்தைக் கேட்டு யாரும் அழகென்று நினைக்க மாட்டார்கள், அருவருப்பு என்று போட்டால் போதும். யாருமே விழாத பொறி செத்த பொறி, எடுத்துவிடுவோம். நான் எழுதியதில் செத்தவை மிகக் குறைவு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

தங்கைக்கும் எனக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் நான் பரீட்சைக்குப் படித்தேன். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். வேலை செய்யும் இடத்தில் அவளுக்குக் கொசு என்று பெயர். குத்துவதே தெரியாதாம். நரம்பு கிடைக்காத நோயாளி வந்தால், "கொசுவைக் கூப்பிடு" என்பார்கள். அவள் கைராசி வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுவரை போய், வேலை தருவதாகக் கடிதம் வந்தது. உங்கள் தேர்வில் தேற வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. ஐந்து முறை எழுதலாம்.

"ஊசி குத்தறதுக்கு இவ்வளவு இங்கிலீஷ் எதுக்குக்கா? ரத்தம் என்ன இங்கிலீஷ்லயா ஓடுது?" என்று கேட்டாள்.

"எதுக்கோ கேக்கறாங்க. நான் இருக்கேன்ல?" என்றேன்.

அன்று அதை மனதாரத்தான் சொன்னேன்.

வாரியம் வெளியிட்டிருக்கும் இரண்டாயிரம் சொற்களின் பட்டியல் கடையிலேயே கிடைக்கிறது. அதிலிருந்து நாளுக்கு இருபது சொல், இருபது அட்டை. முன்பக்கம் சொல், பின்பக்கம் பொருள். காலையில் அவள் பையில் வைப்பேன். பேருந்தில் போகவர மனப்பாடம் செய்வாள். மாலையில் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டே சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். உறவினர் யாரும் இந்தத் தேர்வை எழுதவில்லை என்று ஒவ்வொரு முறையும் வாரியத்தின் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்தக் குற்றத்தை இப்போதே ஒப்புக்கொள்கிறேன். சின்னது என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போனது. காது கேட்கும், இடது கை அசையும். பகலில் நான் அலுவலகம் போனபின் பக்கத்துவீட்டுப் பெண் வந்து பார்த்துக்கொள்வாள். மற்றதெல்லாம் நாங்கள் இருவரும்தான். தூக்குவது, திருப்பிப் படுக்கவைப்பது, துடைப்பது எதையும் ஒரு ஆள் செய்ய முடியாது. தங்கை தோள்பக்கம் பிடிப்பாள், நான் கால்பக்கம். "ஒண்ணு, ரெண்டு, ஏலோ" என்பாள் அவள். அம்மாவின் முகத்தில் பாதி சிரிக்கும். அவள் போய்விட்டால் யார் தோளைப் பிடிப்பது? இதை யாரிடமும் கேட்க முடியவில்லை. அவளிடம் கேட்டிருந்தால் போகாமல் இருந்திருப்பாள். பிறகு ஆயுசு முழுக்க அதை என் முகத்தில் பார்ப்பாள். அவளாகப் போகாமல் இருந்துவிட்டால் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

முதல் அட்டை உண்மையிலேயே தவறுதான். பகல் முழுக்கப் பொறி எழுதிய கை வீட்டிலும் பொறியை எழுதிவிட்டது. எனர்வேட், ஊக்கமூட்டுவது. மறுநாள் வேலையில் நினைவுக்கு வந்தது. மாலையில் திருத்திவிடலாம் என்றுதான் வந்தேன். அவள் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அதையே ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகால் கழுவினேன். திருத்தவில்லை. அடுத்த அட்டையைக் கை தானாக எழுதியது என்று சொல்ல ஆசைதான். தானாக எழுதவில்லை.

இருபதில் மூன்று. அதற்குமேல் போனதில்லை. எல்லாம் தவறாக இருந்தால் எங்காவது அவளுக்குத் தட்டுப்பட்டுவிடும், மூன்று தட்டுப்படாது. நாற்பது கேள்வியில் முப்பது எடுக்க வேண்டும். அவளாக விடுவது ஐந்து இருக்கும். என்னுடையது ஆறு. அவள் இருபத்தொன்பதில் நின்றாள், அடுத்த முறை இருபத்தெட்டில். நீங்கள் மதிப்பெண்ணை மட்டும் அனுப்புகிறீர்கள். எந்தக் கேள்வி தவறென்று சொல்வதில்லை. அது எனக்குச் சௌகரியமாகப் போயிற்று.

போனில் தேடியிருக்க மாட்டாளா என்று கேட்டீர்கள். ஒருமுறை தேடினாள். 'ரெஸ்டிவ்' என்ற சொல். நிலைகொள்ளாமல் தவிப்பது என்று பொருள். நான் நிம்மதியாக ஓய்ந்திருப்பது என்று எழுதியிருந்தேன்.

"அக்கா, போன்ல வேற மாதிரி போட்டிருக்கே?"

"அதுல ஆயிரம் போட்டிருப்பான். பரீட்சைக்கு வர்றதை நான் எழுதித் தரேன். உனக்கு யார் வேணும், நானா போனா?"

"நீதான்." யோசிக்கக்கூட இல்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

அம்மா முப்பது வருடம் ஆங்கில ஆசிரியையாக இருந்தவர். இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

முதல் தேர்வு முடிந்து இரண்டாவதற்குப் படிக்கத் தொடங்கியபோதுதான் கவனித்தேன். தங்கை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவாள். பொறி வந்த இடத்தில் அம்மா இடது கையிலிருந்த எவர்சில்வர் கரண்டியால் கட்டில் கம்பியில் ஒரு தட்டு தட்டுவார். டக். பிறகு சும்மா இருப்பார். அடுத்த பொறி வரும்போது மறுபடி டக். இருபதில் மூன்று. ஒருமுறைகூட அவர் தவறவில்லை. முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவர்.

"என்னம்மா, பசிக்குதா? இப்பதானே சாப்ட்டே?" என்பாள் தங்கை. அம்மா அவளைப் பார்க்க மாட்டார். என்னைத்தான் பார்ப்பார்.

"நீ போறது அம்மாவுக்குப் பிடிக்கலை போல. இங்க உக்காந்து படிக்காதே, பாவம்" என்றேன்.

அவள் பால்கனிக்குப் போய்விட்டாள். அங்கே சொன்னாலும் அம்மாவுக்குக் கேட்டது. கரண்டியை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் கரண்டி கொடுத்தேன். விரல் முட்டியால் தட்டினார். தோல் உரிந்து கம்பியில் ரத்தம் ஒட்டியிருந்தது. தங்கை அதைத் துடைத்து மருந்து போட்டு, "நான் போகலம்மா, அழாதே, பாஸானாத்தானே போறது" என்று அவரைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாக அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதில் கோபம் இல்லை. கெஞ்சினார். என்னைப் பெற்றவர் என்னிடம் கெஞ்சினார்.

நான் மருத்துவரிடம் போய், அம்மா மூக்குக் குழாயை இழுக்கிறார் என்றேன். வாயால் கொடுப்பது போதாமல் ராத்திரிக்கு மட்டும் குழாய் இருந்தது. அம்மா அதை ஒருநாளும் தொட்டதில்லை. மருத்துவர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். பஞ்சு அடைத்த கையுறை, பந்து மாதிரி இருக்கும், மணிக்கட்டில் நாடா. நாடாவைக் கட்டில் சட்டத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். இறுக்கிக் கட்டவில்லை. இரண்டு விரல் போகும் அளவு இடைவெளி விட்டேன், அப்படித்தான் சீட்டில் போட்டிருந்தது. அம்மா பத்து மாதம் அப்படி இருந்தார். குளிப்பாட்டும்போது மட்டும் அவிழ்ப்போம். மணிக்கட்டில் விழுந்த தடத்துக்குத் தங்கை தினமும் எண்ணெய் தடவினாள். நான் அட்டை எழுதினேன்.

தங்கை மாறிப்போனதைப் பற்றி உங்கள் புள்ளிவிவரப் பிரிவுப் பெண் எதுவும் சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்கு எண்கள்தான் தெரியும். கெட்டிக்காரி. தெரியாதவர்களின் தவறு நான்கு பக்கமும் சிதறும், இவளுடையது ஐந்து தேர்விலும் பொறியிலேயே விழுகிறது, கேள்வித்தாள் தெரிந்த யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தாள். நானாக இருந்தாலும் அதைத்தான் கண்டுபிடித்திருப்பேன். ஆனால் என் தங்கை கண்டுபிடித்தது வேறு. தன் மூளையில் ஏதோ கோளாறு என்று கண்டுபிடித்தாள்.

"நல்லா ஞாபகம் இருந்துதுக்கா. சத்தியமா தெரிஞ்சுதான் போட்டேன். அப்புறம் எப்படிக்கா?"

மூன்றாவது முறைக்குப் பிறகு ஞாபக மாத்திரை சாப்பிட ஆரம்பித்தாள். வேலையில் ரத்தக் குப்பியில் ஒட்டிய பெயரை நான்கு தடவை படிப்பாள், பிறகு பக்கத்தில் இருப்பவளைக் கூப்பிட்டு, "இது அந்தம்மா பேர்தானே?" என்று கேட்பாள். நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு எது நரம்பு என்று யோசித்தபடியே நிற்பாளாம். மேற்பார்வையாளர் அவளை ஊசியிலிருந்து எடுத்து, பதிவேடு எழுதும் இடத்தில் உட்காரவைத்தார். இப்போது அவளை யாரும் கொசு என்று கூப்பிடுவதில்லை. அன்று அவள் தலையை மடியில் வைத்து, "எல்லாருக்கும் எல்லாம் வராதுடி" என்று தடவிக்கொடுத்தேன். அவள் தூங்கிப்போனாள். சின்ன வயதில் தூங்குவது போலவே வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த நேரம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மா இறந்த தேதியைச் சுற்றி வட்டம் போடுகிறீர்கள். பார்க்கிறேன். எட்டு மாதத்துக்கு முன். நான்காவது, ஐந்தாவது தேர்வு இரண்டும் அதற்குப் பிறகுதான். அப்போது யாருக்காகப் பொறி எழுதினீர்கள் என்று கேட்கப் போகிறீர்கள். காரியம் முடிந்த மறுநாள் தங்கை என்னிடம், "இப்ப நம்மைப் பிடிச்சு வைக்க யாரும் இல்லக்கா. பாஸாயிட்டா நீயும் என்கூட வந்துடு, ரெண்டு பேரும் போயிடலாம்" என்றாள். அம்மாவின் கையுறையைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னாள். நானும் தலையாட்டினேன். அன்று மாலையும் இருபது எழுதினேன். அங்கே அவளுக்கு என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கும்? எனக்கு அதுதான் தோன்றுகிறது. அது பதிலாகாது என்றும் தெரிகிறது.

என் தங்கை திருடவில்லை. அவளுடைய ஐந்து தோல்வியும் என் கையால் எழுதப்பட்டது. தெரிந்தே எழுதினேன். பேச முடியாத அம்மாவின் கையைக் கட்டியதும் நான்தான். இதில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அவள்மேல் தவறில்லை என்பதால் இன்னொரு வாய்ப்பு தருவீர்கள் என்றீர்கள். சந்தோஷம். தேர்வு அடுத்த மாதம், இன்னும் இருபத்தாறு நாள்தான் இருக்கிறது. இதற்குள் புது ஆளைப் பிடித்து, புது முறையில் படித்து, அவளால் முடியாது. உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால், மேசையில் இவற்றோடு எழுதாமல் மீந்து கிடக்கும் அந்த வெற்று அட்டைகளை மட்டும் என்னிடம் கொடுங்கள். அவளுக்கு என் கையெழுத்தில் படித்துத்தான் பழக்கம்.