பதினேழாம் நம்பர்

திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினேன். எதிரே இரண்டு வேளாண் கல்லூரிப் பெண்கள். ஒருத்தியின் மடியில் கண்ணாடித்தாள் உறை பிரிக்காத கேடயம். ‘சிறந்த மாணவர் ஆய்வு’ என்று எழுதியிருந்தது.

“இது பதினேழாம் நம்பருக்குப் போக வேண்டியதுடி,” என்றாள் கேடயத்துக்காரி.

“யாரு அது?”

“நான் ஆய்வுக்குப் போன ஊர்ல கத்திரிக்காய் போட்டிருந்த அக்கா. செடி வரிசைக்கு நடுவுல ஒரு சால் விட்டு ஒரு சால் தண்ணி பாய்ச்சினாலே செடி தாங்கும்னு அவங்களா பண்ணிப் பாத்துச் சொன்னாங்க. நான் அளந்து எழுதினேன், அவ்ளோதான்.”

“அவங்க பேரைப் போட்டிருக்கலாம்ல?”

“பேட்டி குடுத்தவங்க பேரு வரக்கூடாது, நம்பர்தான் போடணும்னு சார் சொல்லிட்டார். ‘என் பேரு புக்குல வருமா பாப்பா’ன்னு அவங்க கேட்டாங்க. வரும்னுட்டேன்.”

“மேடையிலயாவது சொல்லியிருக்கலாமே.”

“சொல்லணும்னுதான் போனேன். மைக்கைக் கையில வாங்கினதும் பேரு ஞாபகம் வரலை. எப்பவும் அக்கான்னுதானே கூப்பிட்டேன்.”

“நோட்டுல இருக்குமே.”

“நம்பர் குடுத்ததும் பேர் லிஸ்டைக் கிழிச்சுடணும். கிழிச்சுட்டேன்.”

“போன்ல?”

“அதுலயும் பதினேழுன்னுதான் இருக்கு.”

ரயில் அடையாற்றைத் தாண்டியது. நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரி, போன் பண்ணி அவங்ககிட்டயே கேட்டுடு.”

அவள் கேடயத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

“எப்படிடி கேக்கறது? மூணு மாசம் அவங்க வீட்டுலதான் சாப்பிட்டேன்.”