தையல்காரியைச் சுடாதீங்க

ஹலோ... ஹலோ, கேக்குதா? ... மெதுவாத்தான்டா பேச முடியும். இவ இப்பதான் நைட் ட்யூட்டி முடிச்சு வந்து படுத்திருக்கா. நர்ஸைத் தூக்கத்துல எழுப்பினா என்ன ஆகும்னு உனக்கெங்க தெரியும், நீ இன்னும் கல்யாணமே பண்ணிக்கல... ஆமா, ஆமா, சமையலறைக்குள்ள நின்னுக்கிட்டிருக்கேன். கதவைச் சாத்தியாச்சு. சொல்லு.

... என்னது?

... யாரு முடிவு பண்ணினது?

... இரு, இரு. தையல்காரியை வில்லியாக்கறீங்களா? இன்னைக்கா? சாயங்காலம் நம்ம வீடியோ கேமை முடிச்சு அனுப்பணும், இப்பப் போய் ஃபோன் பண்ணி, உன் உளவாளிப் பொம்பளை இனிமே கெட்டவ, அதுக்குத் தக்கன நாலு வசனம் எழுதிக் குடுங்கற? டேய், உனக்கு மண்டையில ஏதாவது...

... ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா.

... எல்லாரும் இருக்காங்களா.

... வணக்கம் சார். வணக்கம் மேடம். ... இல்லைங்க சார், டேய்னு சொன்னது உங்களை இல்ல. இங்க ஜன்னல்ல பூனை ஒண்ணு... ஆமா சார். அடிக்கடி வரும்.

... சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ... ஆமா. ... ஆமா சார். விளையாடிப் பார்க்க வந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேர் பாலத்துல அவளைச் சுட்டுட்டாங்க. அது எனக்கும் தெரியும். ... அதனால அவ கெட்டவன்னு எப்படி சார் ஆகும்? சுட்டவங்க எல்லாம் உத்தமங்களா?

... மேடம், நீங்க போன வாரம்தான் வந்தீங்க, அதனால முதல்ல இருந்து சொல்றேன். அவ எதிரி நாட்டு ஆபீசர்களுக்கு யூனிஃபார்ம் தைக்கிறவ. கழுத்தைச் சுத்தி டேப் போட்டு அளவெடுக்கும்போது அவங்க என்ன பேசறாங்களோ, அதை அப்படியே நம்ம ஹீரோவுக்குச் சொல்லிடுவா. ... ஆமா மேடம், ஹீரோ ஒளிஞ்சிருந்த வீட்டை அவங்களுக்குக் காட்டிக்குடுத்ததும் அவதான். ... ஆமா, கூட இருந்த கூட்டாளிங்க செத்தாங்க. ... அதுக்கப்புறம் ஜெயிலைத் திறந்து ஹீரோவை வெளிய விட்டதும் அவதான். ... ஏன்னா? அதை அவ சொல்ல மாட்டா. ... இல்ல மேடம், எழுத மறந்துடல. அவ குணமே அதுதான்.

... புரியுது. ... புரியுது, புரியுது. ஜனங்களுக்குக் குழப்பமா இருக்கக் கூடாது. ... கறுப்புக் கோட்டு. சரி. ... உதட்டுக்குச் சிவப்பு. சரி. ... சிரிக்கணுமா? எதைப் பார்த்து சார் சிரிக்கணும்? ராத்திரி, மழை, ஆத்துப் பாலம், எதிர்ல ஒருத்தன் துப்பாக்கியோட நிக்கிறான். அதுல அவளுக்குச் சிரிப்பு எங்கிருந்து சார் வரும்?

... சார், எங்க அக்காவை எடுத்துக்கோங்க. எங்கம்மாகிட்ட ஒரு கதை சொல்லுவா, அவ மாமியார்கிட்ட ஒரு கதை சொல்லுவா, மச்சான்கிட்ட வேறொரு கதை. மூணும் உண்மை மாதிரியே இருக்கும். ரெண்டு குடும்பமும் இன்னைக்கு வரைக்கும் அடிச்சுக்காம இருக்குன்னா அவளாலதான். யாராவது அவளுக்குக் கறுப்புக் கோட்டு மாட்டிவிட்டாங்களா?

... ரெண்டாவது யோசனை என்ன? ... அழுதுக்கிட்டே, நான் எப்பவும் உன் பக்கம்தான் இருந்தேன்னு சொல்லணுமா. ... சார், அதுக்கு அவளைச் சுட்டே போடலாம்.

... கோபமில்ல மேடம். நான் எதுக்குக் கோபப்படறேன், நான் சம்பளத்துக்கு எழுதறவன். ... இல்ல, கேளுங்க. இந்த ஆபீஸ்ல நான் எழுதினது என்னென்ன தெரியுமா? கதவு பூட்டியிருக்கிறது. சாவி தேவை. குண்டு தீர்ந்துவிட்டது. என் பேரு சொல்லும்படியா ஒரே ஒரு இடம்னா, பாலத்துல அவ பேசற அந்தப் பேச்சுதான். அதுக்குக் குரல் குடுக்க வந்தாங்களே, அந்தம்மா சளியோட வந்து, மூக்கை உறிஞ்சிக்கிட்டே, இவளை எனக்குப் பிடிக்கல தம்பி, ஆனா விட்டுக்குடுக்கவும் மனசு வரலன்னு சொல்லிட்டு ஒரே மூச்சுல பேசிக் குடுத்தாங்க. அதைத் தூக்கிக் கடாசிட்டு ஹா ஹா ஹான்னு சிரிக்க வைக்கணுமா? அவளைச் சுட்டவங்களுக்கு அவளைப் புரியல, அவ்வளவுதான்! அதுக்கு அவளைப் பலி குடுக்கறதா? முடியாதுன்னா முடியாது சார்! முடி...

... ஐயோ.

... இல்ல, உங்களைச் சொல்லல. எந்திரிச்சுட்டா.

... இல்லம்மா, சண்டை எல்லாம் ஒண்ணுமில்ல. ஆபீஸ் கால். நீ போய்ப் படு. ... நான் கத்தவே இல்லையே. ... கொஞ்சம் கத்தினேன். ... சார், ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க. ... யாரையும் சுடலம்மா. கேம்ல. நான் எழுதின ஒரு பொண்ணை எல்லாரும் சுட்டுடறாங்க. ... ஆமா, அதுக்குத்தான் கத்தினேன். ... நீயா? நீ எதுக்கு, கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு... சரி, சரி, முறைக்காத. இந்தா, கேம் லேப்டாப்ல ஓடுது, இந்தக் கன்ட்ரோலரைப் பிடி. உட்காரு.

... சார், இவ ஒருவாட்டி விளையாடிப் பார்க்கிறேங்கறா. ... இல்ல மேடம், எனக்கு வேண்டப்பட்டவதான், ஆனா எனக்குச் சாதகமா எல்லாம் பேச மாட்டா. கல்யாணம் ஆனதுல இருந்து பேசினதில்ல.

... இங்க பாரு. பாலத்துல நீ நிக்கிற. எதிர்ல வரா பாரு, அவதான். உன்னைக் காட்டிக்குடுத்தவ. ... ஆமா, ஜெயில்ல இருந்து உன்னைக் காப்பாத்தினவளும் அவதான். ... ரெண்டும் ஒருத்திதான்! இப்ப அவ பேசுவா, நீ கேளு. அப்புறம் என்ன தோணுதோ அதைப் பண்ணு. நான் ஒண்ணும் சொல்லல.

... பேச ஆரம்பிச்சுட்டா சார். ... இவ கேக்கறா. ... கேக்கறா. ... கொட்டாவி விடறா. அது நைட் ட்யூட்டி கொட்டாவி சார், அதைக் கணக்குல எடுத்துக்காதீங்க. ... கேட்டுக்கிட்டுத்தான் இரு...

... ஏன்டி சுட்ட?

... சுட்டியே! நான் கண்ணால பார்த்தேனே! ... பின்ன அவ ஏன் ஆத்துல விழுந்து கிடக்கறா, கால் வழுக்கியா? ... என்ன அமுக்கின? ... பேச்சைத் தள்ளவா?

... இரு. ... திரும்பச் சொல்லு. ... இதுக்கு முன்னாடி என்ன விளையாடினப்பவும் யாராவது நீட்டி முழக்கிப் பேசினா இந்தப் பட்டனைத்தான் அமுக்குவ. அமுக்கினா பேச்சு அடுத்ததுக்குப் போயிடும். ... ஆமா, போயிடும். ... ஆமா.

... சார்.

... சார், அந்தப் பட்டனும் துப்பாக்கிப் பட்டனும் ஒண்ணுதானே?

... ஆமா, மத்த இடத்துல பேசும்போது கையில துப்பாக்கி இருக்காது, அமுக்கினா பேச்சு மட்டும் நகரும். பாலத்துல மட்டும், அவ பேசிக்கிட்டிருக்கும்போதே துப்பாக்கி கையில இருக்கும். எப்ப வேணா சுடலாம், அதுதான் சுதந்திரம், அப்பதான் நெஞ்சு படபடக்கும்னு ஒருத்தன் அடம்பிடிச்சுக் கேட்டு வாங்கினான். ... ஆமா சார். நான்தான் அவன்.

... இல்ல, இல்ல, அவங்க சொன்னாங்கதான், அவ மேல நம்பிக்கை வரல, மூஞ்சி சரியில்லன்னு எல்லாம் சொன்னாங்க. கை தவறிச் சுட்டேன்னு எவன் சார் ஒத்துப்பான்? சுட்டதுக்கப்புறம் காரணம் தேடிப் பிடிச்சிருக்காங்க. ... அவங்க யாருக்கும் அவ மேல கோபமே இல்ல. என் வசனம் தாங்கல, தள்ளிவிடப் பார்த்திருக்காங்க. என் பேச்சு தாங்காம என் பொண்ணைக் கொன்னுருக்கு ஒரு ஊரே.

... சிரிங்க. நல்லாச் சிரிங்க சார். மேடம்கூடச் சிரிக்கிறாங்க, கேக்குது. ... நீ ஏன்டி சிரிக்கற?

... சரி, பட்டனை மாத்திடலாமா? ... முடியாதா. ... ப்ரோகிராமர் இனிமே எதையும் தொட மாட்டாரா. ... வசனத்தை மட்டும் வெட்டிக் குறைக்கலாம். ... எதை எடுக்கறது? ... முழுசாவா?

... சார், அதுல மழையைப் பத்தி ஒரு இடம் வருது. ... ஆமா, மழைதான் கண்ணுக்கு முன்னாடியே பெய்யுது. ... ஊசியையும் நூலையும் பத்தி ஒரு... சரி. ... அந்தம்மா சளியோட பேசினாங்களே சார். ... இருக்கறதுலயே ஒரு வரியை மட்டும் விட்டுட்டு... ம்.

... இருங்க, இங்கயே எடுத்துப் பார்க்கறேன். ... எடுத்துட்டேன். ... அதையும் எடுத்துட்டேன். ... இல்ல சார், அழல. வெங்காயம் வெட்டற பலகை பக்கத்துல இருக்கு. ... என்ன மிச்சம்னா? ஒரே வரி. நீ கிளம்பு, நான் அவங்ககிட்ட ஏதாவது சொல்லிக்கிறேன். ... அவ்வளவுதான் மேடம். ... எவங்ககிட்டயா? என்ன சொல்லிப்பாளா? எழுதின எனக்கே தெரியாது.

... இந்தாம்மா. இன்னொரு தடவை. ... கடைசித் தடவை, சத்தியமா. அப்புறம் நான் மூச்சுகூட விட மாட்டேன், நீ தூங்கு.

... நிக்கிறா சார். ... அவ சொல்லிட்டா. ... இவ ஒண்ணும் பண்ணல. ... கட்டைவிரல் பட்டன் மேலயே இருக்கு. ... பேசாதீங்க சார், பேசாதீங்க.

... திட்டறா. துரோகின்னு திட்டறா. நன்றி கெட்டவளாம், கூட இருந்தவங்களைக் கொன்னவளாம். ... இன்னும் திட்டறா சார், ஆஸ்பத்திரியில அட்டெண்டரைத் திட்டற மாதிரி. ... ஆனா சுடல. ... இல்ல மேடம், துப்பாக்கியைக் கீழயும் இறக்கல. ... தையல்காரி திரும்பிட்டா. நடந்து போறா. ... இல்ல, சுடல. சுடவே இல்ல.

... என்ன சார்? ... அப்படியே விட்டுடலாமா? ... கோட்டு வேண்டாமா? ... சிரிப்பு? ... மேடமும் சரின்னுட்டாங்களா? ... ரொம்ப தேங்க்ஸ் மேடம். ... இல்ல, பேச்சு வர மாட்டேங்குது. ... சொல்லுங்க, சொல்லுங்க, இனிமே வராமலே இருந்தா நல்லதுன்னுதானே...

... ஏய், எங்க போற? ... அவ்வளவுதான்மா, அங்க முடிஞ்சுது. இந்தப் பக்கமா வரணும், ஹீரோ வீட்டுக்குத் திரும்பிப் போகணும். ... அவ பின்னாடி எதுக்குப் போற? ... விட்டுட்டுப் போனா எப்படியா? ஏம்மா, அவ துரோகின்னு இப்பதானே சொன்ன?

... சார், இவ அவ பின்னாடியே ஓடறா. ... ஆமா, பாலத்தைத் தாண்டி, அந்தக் கரைக்கு. ... சார், அந்தப் பக்கம் நாம தரையே போடலையே! ... ஆமா, வெறும் இருட்டுதான். அவளைத் தேடிக்கிட்டு ஒருத்தர் அங்க வருவாங்கன்னு நம்ம யாருக்கும் தோணவே இல்லையே சார்.

... விழுந்துட்டா.

... எனக்குத்தான் திட்டு இப்ப. ... தூங்கலையாம்மா நீ? ... சார், திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கிறா. ப்ரோகிராமரைக் கூப்பிடுங்க. ... தொட மாட்டேன்னா கால்ல விழுங்க. கொஞ்சம் தரை போதும், பத்தடி போதும். ... ஓடறா சார், ஓடறா, நான் வைக்கிறேன்...