சூறைக்குருவிகள் அடையும் நேரம்

"தாத்தா, தூங்கும்போது குருவி ஏன் கீழ விழறதில்ல?" என்று என் பேத்தி ஒருமுறை கேட்டாள். முன்பல் இரண்டும் விழுந்திருந்த வயது. "நான் மட்டும் கட்டில்லேர்ந்து உருண்டு விழறேன். அது கம்பி மேலயே தூங்குதே."

எனக்குப் பதில் தெரியவில்லை, ஐயா. பணிக்காலம் முழுவதும் பள்ளியில் நீதிபோதனை வகுப்பு எடுத்தவன் நான். உண்மை பேசுவது, எளியவர்க்கு இரங்குவது, கோபத்தை அடக்குவது எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் உண்டு. குருவிக்கு மட்டும் இல்லை. அந்த வெட்கத்தில்தான் ஒரு பைனாகுலர் வாங்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். எப்போது ஆரம்பித்தது என்று நீங்கள் கேட்டதால் இதைச் சொல்கிறேன். தேநீருக்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், இருந்தாலும் பரவாயில்லை.

பதிலை அந்தக் குளிர்காலத்திலேயே தெரிந்துகொண்டேன். குருவி கிளையில் உட்கார்ந்து காலை மடக்கினால் போதும், அதன் பாரமே விரல்களை இறுக்கிக் கிளையைப் பிடித்துக்கொள்ளும். அது முயற்சி செய்ய வேண்டியதே இல்லை. படைத்தவனின் கருணையை நினைத்து அன்று மாடியிலேயே கண்ணீர் விட்டேன். எறும்பைக்கூட மிதிக்காமல் நடப்பவன் நான். குடியிருப்பில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அன்பு சார் என்றால்தான் என்னைத் தெரியும்.

குளிர்காலத்தில் எங்கள் மாடிக்குச் சூறைக்குருவிகள் வரும். மைனாவுக்குத் தாயாதி முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பொழுது சாயும்போது வானத்தில் ஒரு கரும்புகை தெரியும். அது சுருங்கும், விரியும், பை போலத் தொங்கும், திடீரென்று கவிழும். கடைசியில் அப்படியே கொட்டியது போல எங்கள் தண்ணீர்த் தொட்டியின் இரும்புச் சட்டத்திலும் பக்கத்து மரங்களிலும் இறங்கும். பிறகு பேச ஆரம்பிக்கும் பாருங்கள், சந்தைக்கடை தோற்றுவிடும். கூடவே நாலு வாலாட்டிகள், புறாக்கள், பிரசவ வீட்டுக்கு வந்த உறவுக்காரி மாதிரி எல்லாவற்றையும் முறைத்துக்கொண்டு ஒரு பருந்து.

இதையெல்லாம் தனியாகப் பார்ப்பது சுயநலம் என்று தோன்றியதால் ஒரு குழு அமைத்தேன். மருந்துக்கடைக்காரர், பல் டாக்டர் அம்மா, வரி ஆலோசகர், அவர் மைத்துனர் என்று நல்ல மனிதர்களாகச் சேர்ந்தோம். வருடத்துக்கு ஒரு மாலை, பறவைகள் அடையும் நேரத்தில் எண்ணுவோம். எல்லா வட்டாரத்திலும் அன்றைக்குத்தான் எண்ணுவார்கள். கீழே விளையாட்டுத் திடலில் நின்றுதான் எண்ண வேண்டும். எண்ணி முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது, யாரும் மாடிக்குப் போகக் கூடாது. இது நான் வைத்த விதி. எங்கள் குழுவில் இருமல் மாத்திரை போட்டுக்கொண்டுதான் வருவார்கள்.

தையற்காரர் விஷயத்துக்கு வருகிறேன்.

அவரும் அவர் மனைவியும் மேல்மாடி வீட்டில் இருந்தார்கள். அந்த அம்மாவுக்கு மூச்சிரைப்பு. பறவை எச்சம் காய்ந்து தூசியாகி ஜன்னல் வழியாக வருவதால்தான் இப்படி என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அதனால் தையற்காரர் தினமும் மாலை மாடிக்குப் போய் எச்சத்தைக் கழுவிவிடுவார். அதோடு விட்டிருக்கலாம். ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக் கரண்டியால் அடித்துக் குருவிகளையும் விரட்டுவார். நான் ஒருநாளும் அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. படிக்கட்டில் நிறுத்தி அன்பாகத்தான் பேசினேன்.

"நம்மள நம்பி வந்த ஜீவன்க, இல்லையா?" என்றேன்.

"நம்பி வரட்டும் சார், வேணாம்னு சொல்லல. வர்றப்ப வயித்த காலி பண்ணிட்டு வரச் சொல்லுங்க."

"வெயில் காலம் வந்தா தானா போயிடும். கொஞ்சம் பொறுத்துக்கங்க."

"நான் பொறுத்துக்குவேன் சார். எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். அவ அதுவரைக்கும் இருக்கணுமே." பிறகு அவரே சிரித்தார். "ராத்திரியெல்லாம் உக்காந்தே கெடக்கா. என்னோட தையல் மெஷின்கூட அவ்ளோ சத்தம் போடாது சார், அப்படி இழுக்குது."

அந்த அம்மாவை அன்றிலிருந்து என் பிரார்த்தனையில் சேர்த்துக்கொண்டேன். பறவைகளுக்குப் பிறகுதான் சேர்த்தேன், ஆனால் சேர்த்தேன்.

போன வருடம் எண்ணிக்கை நாளன்று அவர் தட்டை அடித்தார். மொத்தக் கூட்டமும் கலைந்து, சாலையைத் தாண்டிப் பக்கத்து வட்டாரத்துக் குழுவின் மரங்களில் போய் இறங்கியது. அவர்கள் எண்ணிக்கொண்டார்கள். பறவைக் குழுக்களின் ஆண்டுவிழாவில், அதிகம் எண்ணியதற்காக அந்தக் குழுத் தலைவருக்குச் சால்வை போட்டார்கள். பொறாமையால் சொல்லவில்லை, அந்த மனிதருக்கு வாலாட்டிக்கும் சிட்டுக்குமே வித்தியாசம் தெரியாது. எனக்கு வருத்தமெல்லாம் குருவிகளுக்காகத்தான். குளிரில் அவ்வளவு தூரம் பறந்தனவே.

இந்த வருடம் அதே நாள். குழாயில் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர். நான் முன்னதாகவே மாடிக்குப் போனேன். தையற்காரர் மெல்லிய சட்டையோடு நின்று தொட்டியைச் சுற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். குருவிகள் இன்னும் வரவில்லை.

"வாங்க சார். இன்னைக்கு உங்க ஆளுங்க வர்றாங்கல்ல? சீக்கிரம் முடிச்சிடறேன்," என்றார். "கொஞ்சமா ரெண்டு தட்டு மட்டும் தட்டிட்டு இறங்கிடுவேன். கோவிச்சுக்காதீங்க. நேத்து அவளுக்கு ரொம்ப முடியல."

"போன் கொண்டு வரலையா?" என்று கேட்டேன்.

"அவகிட்டயே குடுத்துட்டேன் சார். திடீர்னு மூச்சு முட்டிச்சின்னா டாக்டரக் கூப்பிடணுமே."

தொட்டிக்கு அடியில் மோட்டார் அறை இருக்கிறது. நீங்களும் பார்த்தீர்கள். ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்க முடியாது. துடைப்பமும் வாளியும் தட்டும் அங்கேதான் இருக்கும். வாளியை வைத்துவிட்டுத் தட்டை எடுக்க அவர் உள்ளே குனிந்தார். நான் கதவைச் சாத்தினேன். அந்த இரும்புக் கதவின் கீல் துருப்பிடித்தது, பயங்கரமாகக் கிறீச்சிடும். வானத்தில் அப்போது ஒரு பறவைகூட இல்லாததால் யாருக்கும் தொந்தரவில்லை. தாழ்ப்பாளைப் போட்டேன்.

"சார், காத்துல சாத்திக்கிச்சு. கொஞ்சம் தொறந்து விடுங்க," என்றார் உள்ளேயிருந்து. காற்று என்று அவராகவே நினைத்துக்கொண்டார். நல்ல மனிதர். யாரையும் தவறாக நினைக்கத் தெரியாது.

எண்ணி முடியும்வரை மட்டும் என்றுதான் நினைத்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். நான் பொய் சொல்வதில்லை.

அன்று குருவிகள் வந்தது போல எப்போதும் வந்ததில்லை. பல் டாக்டர் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார். வரி ஆலோசகர் விரலை மடக்கி மடக்கிக் களைத்துப்போனார். எல்லாம் இறங்கி, பேசித் தீர்த்து, மெல்ல அடங்கும்போது மேலேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். கொஞ்ச நேரம் நிற்கும். மறுபடி டொக், டொக்.

மருந்துக்கடைக்காரர் என் காதருகே வந்தார். "சார், மரங்கொத்தியா?"

"இந்த நேரத்துல கொத்துமா?" என்றார் வரி ஆலோசகரின் மைத்துனர்.

"ஷ்ஷ். குளிர்ல தடுமாறி வந்திருக்கும் பாவம்," என்றார் பல் டாக்டர் அம்மா. "எவ்ளோ பொறுமையா தட்டுது பாருங்க."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். தலையாட்டுவதற்குப் பல அர்த்தம் உண்டு, ஐயா. மரங்கொத்தி என்று நான் வாய் திறந்து சொல்லவில்லை. எண்ணும் நேரத்தில் பேசக் கூடாது என்ற விதியை நானே மீறுவேனா? எங்கள் வட்டாரத்தில் குளிர்காலத்தில் மரங்கொத்தி என்பது அதுவே முதல் தடவை. அவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அவர்கள் போனதும் நான் மாடிக்கு ஏறினேன். திறந்துவிடத்தான் ஏறினேன். தாழ்ப்பாளில் கையும் வைத்துவிட்டேன். அப்போதுதான் கீலின் நினைவு வந்தது. தலைக்கு மேலே சட்டம் முழுக்கக் குருவிகள், தோளோடு தோள் ஒட்டி, அலகை முதுகில் புதைத்துக்கொண்டு. இந்தக் குளிரில் இருட்டில் கலைந்தால் பாதி விடியுமுன்னே விறைத்துச் செத்துவிடும். கைக்குழந்தைகள் நிறைந்த வீட்டில் தட்டைப் போட்டு உடைப்பீர்களா? ஒரு பக்கம் அத்தனை உயிர். இன்னொரு பக்கம் ஒருவருக்கு ஓர் இரவு அசௌகரியம். அதுவும் அவரே கல்லு மாதிரி இருப்பதாகச் சொன்னவர். உள்ளே தட்டுவது நின்றிருந்தது. தூங்கிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். நுனிக்காலில் இறங்கி வந்தேன்.

இறங்கும் வழியில் அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

"சார், எங்க வீட்டுக்காரர் மேல போனாரே. வந்துட்டாரா?"

"கடையில தங்கிட்டாரோ என்னவோ," என்றேன். வேலை அதிகம் இருந்தால் அவர் அப்படித் தங்குவதுண்டு. 'என்னவோ' என்றுதான் சொன்னேன் என்பதைக் கவனியுங்கள்.

"சொல்லாம போக மாட்டாரே சார்."

"குளிருல நிக்காதீங்கம்மா. உள்ள போங்க. உடம்ப பாத்துக்கங்க." ஜன்னலையும் நானே இழுத்துச் சாத்திக் கொடுத்தேன். எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் சார் என்றார். வேண்டிக்கொண்டேன். நன்றாகத் தூங்கினேன்.

காலையில் குருவிகள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு, காவலாளியையும் அழைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். அதற்குமேல் உங்களுக்குத் தெரியும். அன்று நீங்கள் வந்து உடலைப் பார்த்துவிட்டு, "கதவு தாழிட்டிருந்ததா?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். யார் தாழிட்டது என்று கேட்கவில்லை. காற்றில் தாழ்ப்பாள் விழுந்திருக்கும் என்று நீங்களே சொன்னீர்கள். அதிகாரி பேசும்போது குறுக்கே பேசுவது மரியாதை இல்லை.

அந்த அம்மா இப்போது தங்கை வீட்டில் இருக்கிறார். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே காற்று சுத்தம். இழுப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது. தையற்காரர் வேறென்ன கேட்டார்? மனைவி நன்றாக மூச்சுவிட வேண்டும் என்றுதானே. எல்லாம் ஒரு கணக்கோடுதான் நடக்கிறது.

உங்கள் கடைசிக் கேள்வி, அறைக்குள் கிடந்த கம்பளிக் கோட்டு யாருடையது என்பது. என்னுடையதுதான். இதை யாரிடமும் சொல்லாமலே இருந்துவிட நினைத்தேன், நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். தையற்காரருக்கு நான் ஒரு கடன்பட்டிருந்தேன். குளிர் தொடங்கிய சமயத்தில் அந்தக் கோட்டின் உள்துணி கிழிந்து தொங்கியது. அவர் படிக்கட்டில் பார்த்துவிட்டு, கழற்றி வாங்கிக்கொண்டு போய், புதுத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார். கூலி கொடுத்தபோது, "மாடியில நிக்கிற ஆளு சார் நீங்க, நெஞ்சுல குளிர் ஏறக் கூடாது," என்று என் கையை மடக்கிவிட்டார். அந்த நன்றி எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால் அன்று காவலாளியைக் கூப்பிடுவதற்கு வெகுமுன்னால், விடியும் முன்பே, குருவிகள் கண் விழிக்குமுன், கோட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு தனியாக மாடிக்குப் போனேன். கதவுக்கு மேலே காற்றுக்கு விட்ட ஒரு சிறு திறப்பு இருக்கிறது. சத்தமில்லாமல் அதன் வழியாகக் கோட்டை உள்ளே இறக்கினேன். பாதியில் அது கனம் குறைந்தது. உள்ளேயிருந்து ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"யாருங்க? சார், நீங்களா?" என்றார். குரல் நூல் மாதிரி இருந்தது.

நான் பதில் சொல்லவில்லை, ஐயா. செய்த உதவியைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். கோட்டை விட்டுவிட்டு, மனம் லேசாகி, குருவிகள் கிளம்புவதைப் பார்க்கக் கீழே போய்விட்டேன்.