அப்பா பாட்டு

— டெலீட் பண்ணுன்னு சொன்னேனே, பண்ணியா இல்லியா ரயான்? அத மட்டும் சொல்லு.

— பண்ணிட்டேன்டா தேவா. உங்கப்பாவ சுடுகாட்டுக்கு எடுத்த அன்னிக்கே பண்ணிட்டேன். வல்லாஹி, அல்லா மேல சத்தியமா என் பேஜ்ல அது இல்ல. இந்தா, நீயே பாரு.

— எனக்கு வாணாம். அப்ப இன்னிக்குக் காலையில டீக்கடையில ஒருத்தன் காட்னானே, அது எங்கேர்ந்து வந்துச்சி? "தம்பி, நீதான இது? தியேட்டர்ல தோள் மேல ஏறி அழுதுகினே ஆடுன பையன்?"னு கேக்குறான். கையப் புடிச்சிக் குலுக்குறான். எனக்கு டீ கிளாசு கீழ வுழுந்துடுச்சி.

— மச்சி, தோ பாரு. நான் போட்டத நான் எறக்கலாம். அதுக்குள்ள எத்தினி பேரு எடுத்துப் போட்டுட்டான்! படக் கம்பெனியே அவங்க பேஜ்ல போட்டுட்டாங்க. எம்பது லட்சம் பேரு பாத்துட்டாங்கடா. 'நுரைக்காடு, வெற்றிகரமான மூணாவது வாரம்'னு டிவியில விளம்பரம் வருது பாரு, அதுல மொத மூஞ்சி உன்னுதுதான்.

— அவங்ககிட்ட எடுக்கச் சொல்லு.

— இன்னான்னு சொல்றது?

— எங்கப்பா செத்துட்டாருன்னு சொல்லு. அந்த நேரத்துலதான் செத்தாருன்னு சொல்லு.

— சொல்லலாம்னுதான்டா நெம்பர் தேடினு இருந்தேன். அதுக்குள்ள அவங்களே எனக்கு அடிச்சிட்டாங்க.

— ஷூவோட உப்புப் பாத்தியில எறங்காதடா. உப்பு அழுக்காவும். வரப்பு மேலயே நில்லு. இன்னாவாம் அவங்களுக்கு?

— வர்ற ஞாயித்துக்கெழம மெட்ராஸ்ல சக்சஸ் மீட். உன்னக் கூப்புடுறாங்க. மியூசிக் டைரக்டரே கேட்டாராம், 'அந்தப் பையன் எங்க, அவன் இல்லாம நான் மேடையில பாட மாட்டேன்'னு. அவர் அந்த அப்பா பாட்டப் பாடும்போது நீ பக்கத்துல நிக்கணுமாம்.

— நீ இன்னா சொன்ன?

— கேட்டு சொல்றேன்னு சொன்னேன்.

— கேட்டு சொல்றேன்னியா?

— திட்டுறதுன்னா திட்டுடா. வாயில வேற ஒண்ணும் வரல. ரெண்டு மாசமா நம்ம வேற இன்னா பேசினோம் சொல்லு? பாட்டு வந்த அன்னிக்கு ராவு நீ எனக்கு பதினோரு வாட்டி போன் பண்ண. 'அந்த ரெண்டாவது சரணத்துல ஒரு புல்லாங்குழல் வருது, கேட்டியா கேட்டியா'ன்னு. ஆரோவில்ல உன்கூட வேல பாக்குற வெள்ளக்காரனுக்கு தமிழ் தெரியாது, அவனையும் உக்கார வச்சி அர்த்தம் சொன்ன. இப்ப அந்த மனுஷனே உன்னத் தேடுறாரு. நான் எப்பிடிடா சட்டுனு வரமாட்டான்னு சொல்றது?

— கேக்குதா?

— இன்னா?

— ரோட்ல. உப்பு லாரி போவுது. அதே பாட்டு.

— ஆமாண்டா.

— பாண்டி போற பஸ்ல அதுதான். கோயில் மைக்ல அதுதான். எங்கப்பாவ எடுத்தும்போவும்போது மோளக்காரங்க இன்னா அடிச்சாங்க, ஞாபகம் இருக்குதா? அதுதான். ஊர்ல எவன் செத்தாலும் இப்ப அத்ததான் அடிக்கிறாங்களாம். கொள்ளிச்சட்டியத் தூக்கினு முன்னால நடக்குறேன், என் காலு தாளத்துக்குப் போவுதுடா. நான் போவல. காலு போவுது.

— அழுவாதடா. உங்கம்மா வர்றாங்க பாரு.

— யாரு அது, ரயானா? வா கண்ணு. இந்த வெயில்ல கோட்டக்குப்பத்துலேர்ந்து பைக்லயா வந்த? உங்க அத்தா நல்லா இருக்காரா? துபாய்லேர்ந்து பேசுறாரா?

— நல்லா இருக்காரும்மா. நீங்க உடம்பப் பாத்துக்குங்க.

— இன்னா உடம்பு! நேத்தோட பதினாறு முடிஞ்சிடுச்சி. வந்த சனமெல்லாம் போயிடுச்சி. ஊட்ல உக்காந்தா செவுரு பேசுது. அதான் கெளம்பி வந்துட்டேன். மோரு குடிக்கிறியா? தேவா, நீயும் குடி. காலையிலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கலப்பா இவன். ஆபீசுக்கு லீவு போட்டுட்டு, அவங்கப்பா வுட்ட பாத்திய நான்தான் வாருவேன்னு நிக்குறான். கையப் பாரு, கொப்புளம் கொப்புளமா.

— போதும்மா. அவன் கெளம்பட்டும்.

— ஏன் தொரத்துற? ரயானு, அந்த வீடியோவ உன் போன்லதான எடுத்த? போடு, ஒரு வாட்டி பாக்குறேன்.

— அம்மா!

— நீ சும்மா இருடா. பக்கத்தூட்டு மேரிசெல்வி அவ போன்ல காட்டுனா. தோ இத்துனூண்டு நேரம். அதுக்குள்ள அவ புருஷன் கூப்டாரு, போயிட்டா. எம் புள்ள அப்பிடி சிரிச்சி நான் பாத்ததே இல்லப்பா. கண்ணுல தண்ணி, வாயெல்லாம் சிரிப்பு. போடு கண்ணு.

— என்கிட்ட இல்லம்மா. அழிச்சிட்டேன்.

— ஏம்பா அழிச்ச? நல்லாத்தான இருந்துச்சி? அன்னிக்கு அந்த நேரத்துல எங்க ஊட்ல ஒருத்தராவது சந்தோஷமா இருந்தமே.

— அம்மா, போதும்மா. பக்கத்துப் பாத்தி பலராமன் மாமாவுக்கு கஞ்சி எடுத்தும்போனியே, குடுத்துட்டு வா.

— போறேன்டா. ரயானு, நீ கூட இருந்தவன், நீயே சொல்லு. இவங்க பெரியப்பா கருமாதிக்கு வந்து நாலு பேரு முன்னால கேக்குறாரு, 'அப்பன் சாவும்போது புள்ள எங்க போயிருந்தான், சினிமாவுக்கா?'ன்னு. நான் வுடுவனா? 'தியேட்டருக்குள்ள டவர் இல்ல, போன் போவல, எம் புள்ள இன்னா பண்ணுவான்? போன் மட்டும் வந்திருந்தா பறந்து வந்திருப்பான்'னு நல்லா கேட்டுட்டேன். அந்த மனுஷன் சாப்புடாமலே எழுந்து போயிட்டாரு. போனா போவட்டும். இன்னாபா, நான் சொன்னது சரிதான?

— சரிதாம்மா.

— மெட்ராஸ்னு ஏதோ பேசினு இருந்தீங்களே?

— ஒண்ணும் இல்லம்மா. படக்காரங்க தேவாவ ஒரு விழாவுக்குக் கூப்புடுறாங்க.

— போயிட்டு வரட்டுமே! அவங்கப்பா இருந்தா ஊரெல்லாம் சொல்லினு திரிஞ்சிருப்பாரு. நீயே கூட்டினு போப்பா. இங்க நின்னு இன்னா பண்ணப் போறான், இந்த வெயில்ல? சரி, கஞ்சி ஆறுது. குடுத்துட்டு வர்றேன்.

— பாத்துப் போம்மா. வரப்பு ஈரமா இருக்குது.

— தேவா.

— பேசாத.

— டவர் இல்லன்னா சொல்லி வச்சிருக்க?

— பின்ன இன்னா சொல்றது? அன்னிக்கு நான் ஓடியாந்து பாக்கும்போது மேல துணி போட்டு மூடியிருந்தாங்க. தங்கச்சி தமிழ்நிலாதான் மொதல்ல கேட்டா, 'அப்பா உனக்குப் போன் பண்ணலியாண்ணா?'ன்னு. டவர் இல்லன்னு வாயில வந்துடுச்சி. அப்புறம் ஊரெல்லாம் அதுவே ஆயிடுச்சி.

— தியேட்டர்ல ஃபுல் டவரு மச்சி. நான் அங்கேர்ந்துதான வீடியோவே ஏத்துனேன்.

— தெரியும். என் போனு என் கையிலதான்டா இருந்துச்சி. அப்பா பாட்டுக்கு எல்லாரும் லைட் போட்டோமே. படத்துல கடலுக்குப் போன ஹீரோவோட அப்பன் பன்னெண்டு வருஷம் கழிச்சி கரைக்கு வர்றாரு, மொத்த தியேட்டரும் லைட்டத் தூக்கினு நிக்குது, நான் நம்ம குமார் தோள் மேல ஏறிட்டேன். கையில போனு அதிருச்சி. பாத்தேன். அப்பான்னு வந்துச்சி.

— டேய்.

— கட் பண்ணேன்.

— வுடுறா.

— இன்னாத்த வுடுறது? அந்த வீடியோவ நீ முழுசாப் பாத்தியா? பத்தொம்பதாவது செகண்ட்ல நான் போனக் கீழ எறக்கி, வெரல இழுத்து, திரும்பத் தூக்குறேன். எவனோ ஒருத்தன் ஸ்கிரீன்ல 'அப்பா'ன்னு தெரியறதப் பெருசாக்கி கீழ எழுதியிருக்கான். படிக்கட்டுமா? 'அப்பன் கால் பண்றான், கட் பண்ணிட்டு அப்பா பாட்டுக்கு அழுவுறான், இவன்தான்டா உண்மையான ரசிகன்.' அதுக்கு எட்டாயிரம் பேரு லைக் போட்டிருக்கான். சிரிக்கிற பொம்ம வேற.

— யாரு பாக்கப் போறா அதெல்லாம்?

— தமிழ்நிலா பாத்துட்டா.

— அல்லாவே.

— ஒரு வார்த்த கேக்கலடா. சண்ட போட்டா பரவால்ல. சோறு போடுறா, தட்டத் தள்ளி வைக்கிறா, போயிடுறா. அம்மாகிட்ட சொல்லவும் மாட்டேங்குறா. அம்மா எனக்காக ஊர்கிட்ட சண்ட போடுறாங்க, அவ அடுப்பாண்ட நின்னு அதக் கேட்டுக்கினே இருக்கா.

— நீ வேணும்னு பண்ணலியேடா. சும்மா ஏதோ கேக்கத்தான் பண்றாருன்னு நெனச்சிருப்ப.

— அதுவும் இல்ல. அதுக்கு முந்தின நாளே வரப்பு ஒடஞ்சிடுச்சி. 'ஒரு நாளு இருடா, ரெண்டு பேருமா கட்டிடலாம்'னாரு. 'அப்பா, மொத நாளு மொத ஷோ, ரெண்டு மாசமா காத்துனு இருக்கேன்'னேன். 'சரி, போயிட்டு வா'ன்னுட்டாரு. போன் வந்ததும் வரப்பு வேலைக்குத்தான் கூப்புடுறாருன்னு நெனச்சேன். எரிச்சல்லதான்டா கட் பண்ணேன். இன்னும் பத்து நிமிஷம் வுட மாட்டியா மனுஷான்னு.

— எத்தினி மணி அப்ப?

— பதினொண்ணே முக்கா. மத்தவங்கல்லாம் வெயிலுக்கு முன்னாலயே ஊட்டுக்குப் போயிட்டாங்க. அவரு ஒண்டியா மண்ண வெட்டிப் போட்டுனு இருந்திருக்காரு. பலராமன் மாமா மாட்டத் தேடினு வந்ததாலதான் பாத்தாரு, பன்னெண்டரைக்கு. தோ, நீ நிக்கிற எடத்துக்குப் பக்கத்துலதான். சாஞ்சி உக்காந்து இருந்தாராம். ஆட்டோவுல ஏத்தும்போது இருந்துச்சாம் உசுரு. உப்பளத்து வாசல் கேட்டுக்குப் போவும்போது இல்ல.

— பாண்டியிலேர்ந்து நீ எப்பிடிப் பறந்து வந்திருந்தாலும் ஒரு மணி நேரம்டா. உன்னால இன்னா பண்ணியிருக்க முடியும்?

— நான் வரணுமாடா? எடுத்திருந்தா போதாதா? பலராமன் மாமாவுக்கு ஒரு போன். தெருவுல நாலு பசங்களுக்கு ஒரு போன். அஞ்சி நிமிஷத்துல தூக்கினு போயிருப்பாங்க.

— ம்.

— அவரு போனும் உப்புத் தண்ணியில வுழுந்து செத்துப் போச்சி. அப்புறம் யாருக்காவது அடிச்சாரா, இல்லியா, ஒண்ணும் பாக்க வழியில்ல. எனக்கு வந்தது ஒண்ணே ஒண்ணுதான். அதுக்கு மேல அவர் என்னக் கூப்புடல.

— தேவா, போதும். ஊட்டுக்குப் போலாம் வா.

— எனக்குத் தூக்கம் வராதது எதுக்குன்னு உனக்குத் தெரியுமா? செத்தாருன்னுகூட இல்ல. ரெண்டு வாட்டி மணியடிச்சி நின்னா, அது கட் பண்றதுன்னு அவருக்குத் தெரியும். நான்தான் சொல்லிக் குடுத்தேன். 'அப்பா, அப்பிடி நின்னா நான் வேலையில இருக்கேன்னு அர்த்தம், திரும்பப் பண்ணாத'ன்னு. அதான் திரும்பப் பண்ணல. புள்ள நம்மளக் கட் பண்ணிட்டான்னு தெரிஞ்சிதான்டா இங்க உக்காந்து இருந்திருக்காரு. அந்தக் கோவத்தோட போயிட்டாரா, அத யாருகிட்டடா நான் போய்க் கேக்குறது?

— கோவம் இல்லடா.

— உனக்கு இன்னா தெரியும்?

— கோவம் இல்ல மச்சி. வல்லாஹி கோவம் இல்ல.

— ஆறுதல் சொல்லாத ரயான். எல்லாரும் சொல்லிட்டாங்க.

— ஆறுதல் சொல்லல. அந்த வீடியோ ஏன் பாட்டு முடியறதுக்குள்ள நின்னுச்சின்னு என்னிக்காவது யோசிச்சியா?

— பேட்டரி போச்சின்னு நீதான சொன்ன.

— பேட்டரி இருந்துச்சி. போன் வந்துச்சி. எடுத்துனு இருக்கும்போதே. நீ கட் பண்ண கொஞ்ச நேரத்துலயே.

— யாரு?

— உங்கப்பாதான். மாசாமாசம் அவருக்கு நான்தான ரீசார்ஜ் பண்ணி வுடுவேன், என் நெம்பரு அவருக்கு மனப்பாடம்டா.

— நீ எடுத்தியா?

— எடுத்தேன்.

— பதினேழு நாளா என்கிட்ட மறைச்சி வச்சிருக்கியேடா.

— அடி. அடிச்சிடு, பரவால்ல. டெய்லி சொல்லணும்னுதான் வண்டிய எடுக்குறேன். பாதி வழியில அனுமந்தை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிடுறேன். இன்னிக்கும் மெட்ராஸ் மேட்டரச் சொல்லத்தான் வந்தேன்னு எனக்கே நான் சொல்லினு வந்தேன்.

— இன்னா பேசினாரு?

— ஒரு காதப் பொத்தினு கேட்டேன். அந்தச் சத்தத்துல பாதி கேக்கல. 'தேவா இருக்கானாப்பா'ன்னாரு. மூச்சு வாங்குச்சி. உப்பு தூக்கினு நடக்குறாரு போலன்னு நெனச்சிட்டேன்டா. ஒடம்புக்கு இன்னான்னு ஒரு வார்த்த கேக்கல நான். 'அப்பா, அவன் தோள் மேல ஏறி ஆடினு இருக்கான், எறக்கிக் குடுக்கட்டுமா'ன்னு மட்டும்தான் கேட்டேன்.

— அதுக்கு?

— 'வாணாம்பா, எறக்காத. புள்ள ஆடட்டும்'னு சொல்லிட்டு அவரேதான்டா போன வச்சாரு.