கீழ் சிலிண்டர்

படகு இன்ஜினைப் பிரிக்காமலே பாதி சொல்லிவிடலாம் ஐயா. ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கும்போது கைக்கு ஓர் எதிர்ப்பு தெரிய வேண்டும். கடலிலிருந்து எடுத்துவந்த இந்த இன்ஜினில் இப்போது கயிறே அசையாது. மாப்பிள்ளை இதை என் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது ஒரு தடவை எதிர்த்தது, அடுத்த தடவை வெறுமனே வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டு சிலிண்டரில் ஒன்று போய்விட்டது என்று அப்போதே தெரிந்தது.

அவர் கெட்டவர் இல்லை. என் மகளைக் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமா, மாமா என்று வாய் நிறையக் கூப்பிடுவார். எதிரே இருக்கிற தீவில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. முதலில் அவர் மட்டும் போய் வீடு பார்ப்பது, பிறகு வந்து அவளை அழைத்துப்போவது என்று ஏற்பாடு. வேகம் எடுக்கவில்லை, ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள் என்றார்.

பிளக்குகளைக் கழற்றினேன். மேல் சிலிண்டருடையது ஒழுங்காக இருந்தது. கீழ் சிலிண்டருடையதில் பொடிப்பொடியாக அலுமினியம் ஒட்டியிருந்தது. அது பிஸ்டனிலிருந்துதான் வரும். அழுத்தம் பார்க்கிற கம்ப்ரஷன் கேஜ் மாட்டினால், கீழ் சிலிண்டரில் முள் பாதிகூட ஏறவில்லை. சிலிண்டரை மூடியிருக்கிற ஹெட்டைத் திறந்து டார்ச் அடித்தேன். உள்சுவரெல்லாம் நகத்தால் பிறாண்டியதுபோல் கோடுகள். பிஸ்டன் ரிங் உடைந்திருந்தது. கரையோரம் மெதுவாக ஓட்டினால் ஓடும். தீவுக்குப் போகிற வழியில் நீரோட்டத்தை எதிர்த்து முழு வேகம் கொடுத்தால் பிஸ்டன் இறுகி நின்றுவிடும். நின்றால் படகைத் தண்ணீர் பாறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அங்கே துடுப்பு உதவாது.

ஹெட்டைத் திரும்ப மூடினேன். புது பிளக் போட்டேன். பிளக்தான் மாப்பிள்ளை, வேறொன்றும் இல்லை என்றேன்.

அவள் அம்மா போன பிறகு அவளைப் பட்டறையிலேயேதான் வளர்த்தேன். பகலெல்லாம் பெஞ்சுக்கு அடியில் பழைய துணியை விரித்துப் படுத்திருப்பாள். ஸ்பேனர் விழுந்தால்கூட எழுந்திருக்க மாட்டாள், நான் வெளியே போனால் எழுந்துவிடுவாள். ஊரில் யாரும் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பவில்லையா என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. அவர் இல்லாமல் போனால் கொஞ்ச நாள் அழுவாள். பெற்றவனுக்குத் தேற்றத் தெரியாதா என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் வழியனுப்பப் படகுத்துறைக்குப் போனேன். படகில் அவளும் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு பையோடு. சமையலறை எப்படி இருக்கிறது என்று தான் பார்க்காமல் வீடு பிடிக்கக் கூடாதாம். கிளம்பும் நேரத்தில் பிடிவாதம் பிடித்து ஏறிக்கொண்டாளாம். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னார். இன்ஜினைக் கிளப்பிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார்.

“சத்தம் இன்னும் ஒரு மாதிரியா இருக்கே.”

“அதான் அப்பா பார்த்துட்டார்ல. கிளம்புங்க,” என்றாள்.

கட்டுக்கயிறு என் கையில் இருந்தது. இறங்கு என்று சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் ஏன் என்று கேட்பாள். நான் எதையாவது சொல்லி மழுப்ப முடியாது. பட்டறையில் வளர்ந்தவள், ஹெட்டைத் திறந்தால் அவளுக்கே எல்லாம் புரிந்துவிடும். அதன் பிறகு என் முகத்தில் விழிப்பாளா? கயிற்றை அவிழ்த்துப் படகுக்குள் போட்டேன்.

“போய்ட்டு வரேன்ப்பா. நேரத்துக்குச் சாப்பிடுங்க.”

சரிம்மா என்றேன்.

இரண்டு பேர் உடலையும் பாறைப் பக்கம்தான் எடுத்தீர்கள். இன்ஜினுக்கு என்ன ஆனது என்று மட்டும்தான் என்னைக் கேட்டீர்கள். பிஸ்டன் இறுகியிருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தே அனுப்பினேன் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். அவரை வேண்டுமென்றே அனுப்பினேன், அவளை வாய் திறக்காமல் அனுப்பினேன்.

ஒன்று மட்டும் நிச்சயம் ஐயா. நடுவழியில் நின்றதும் பெட்ரோலில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்திருப்பாள், இல்லையென்றால் அவரைக் குறை சொல்லியிருப்பாள். என்மேல் சந்தேகமே வந்திருக்காது. என் மகள் மனம் நோகும்படி நான் ஒரு நாளும் நடந்துகொண்டதில்லை.