உதவிப் போதகருக்கு ஒரு சிபாரிசு

மனைவி: அரை மணி நேரமா அந்தச் சிபாரிசுப் படிவத்தையே முறைச்சுக்கிட்டு இருக்கீங்க. நாளைக்குக் கடைசி நாள்ங்க.

போதகர்: ஒருத்தனைப் போதகரா நிறுத்தறது என்ன விளையாட்டா?

மனைவி: குடுங்க இப்படி. நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. "உதவிப் போதகர் அந்நியரை உபசரிக்கிறவரா?"

போதகர்: அவன் இருக்கறதே ஒத்த ரூம்ல...

மனைவி: அந்த ஒத்த ரூம்லதான் போன வாரம் பதினோரு பேர் சாப்பிட்டோம்.

போதகர்: சாப்பிட்டோமா? நீயும் போனியா?

மனைவி: கூப்பிட்டாங்க... போனேன். 'ஆம்'னு போட்டாச்சு. "விசுவாசத்துக்குப் புதியவரா?"

போதகர்: அப்படித்தான் போடு. புதுசா வந்தவனுக்குச் சீக்கிரம் தலைக்கனம் ஏறும்.

மனைவி: நீங்கதானே அந்தத் தம்பிக்கு ஞானஸ்நானம் கொடுத்தீங்க? பன்னெண்டு வருஷம் ஆச்சு.

போதகர்: ஆச்சா... சரி, அடுத்தது.

மனைவி: "போதிக்கத் திறமை உண்டா?"

போதகர்: பேச்சு இருக்கு. வெறும் பேச்சு. ஆமா, அன்னிக்கு அவன் பிரசங்கத்துல நீ அழுததை நான் பாக்கலன்னு நினைச்சியா?

மனைவி: கண்ணுல தூசிங்க.

போதகர்: இருபத்தாறு வருஷமா என் பிரசங்கத்துல ஒரு தூசியும் விழலையே!

மனைவி: அட, சின்னப் பிள்ளை மாதிரி...

போதகர்: பொறாமைதான்! போதுமா? ஆராதனை முடிஞ்சா எல்லாரும் அவன்கிட்ட ஓடறாங்க. நான் வாசல்ல கைகாட்டி மரம் மாதிரி நிக்கறேன். ஆஸ்பத்திரியில படுத்திருக்கற பெரியவர், 'தம்பி வந்து ஜெபிச்சா நல்லா இருக்கும்'ங்கறார். என்கிட்டயே சொல்றார்!

மனைவி: சபைங்கற மந்தை நம்ம சொத்து இல்லன்னு நீங்கதானே பிரசங்கம் பண்ணுவீங்க?

போதகர்: பண்றது சுலபம்... இன்னும் எத்தனை கேள்வி?

மனைவி: ஒண்ணுதான். "இவர்மேல் வந்த புகார் உண்மையா? சாட்சிகளைக் குறிப்பிடவும்."

போதகர்: ஓ... தலைமை அலுவலகத்துக்குப் போச்சே, அந்த மொட்டைக் கடுதாசி.

மனைவி: ஆணவக்காரர், சபையை ரெண்டாக்கறார்னு ஒரே பழி. ரெண்டு மூணு சாட்சி இல்லாம சபையை நடத்தறவங்க மேல புகாரை ஏத்துக்கக் கூடாதுன்னு வேதத்துலயே இருக்கே. பொய்னு எழுதிடவா?

போதகர்: உனக்கு எப்படி அவ்வளவு நிச்சயம்?

மனைவி: அதை எப்படிங்க சொல்றது...

போதகர்: சொல்லு.

மனைவி: எழுதினவளே நான்தாங்க.

போதகர்: ஏன் எழுதினே?

மனைவி: நீங்க வாசல்ல தனியா நின்னதைப் பாத்து எனக்கு வயிறு எரிஞ்சுது. கோவத்துல எழுதி, தலைமை அலுவலக விலாசமும் போட்டுட்டேன். விடிஞ்சதும் வெட்கமாப் போச்சு. கிழிச்சுப் போடலாம்னு வந்தா, பாட்டுப் புத்தகத்துக்குள்ள வச்ச கவரைக் காணோம். நம்புங்க, நான் அனுப்பலை. எப்படிப் போச்சுன்னு நெனச்சு நெனச்சுத் தூக்கமே இல்லைங்க...

போதகர்: அழாதே. பொய்ப் புகார்னு எழுது. சாட்சி ரெண்டு பேர்னு போடு. எழுதினவ நீ... அதை எடுத்துப் படிச்சு, ஸ்டாம்ப் ஒட்டித் தபால்ல போட்டவன் நான்.